சுமார் 1010

போன மாதம் ஒரு மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்து ஓய்ந்தது. எடுத்துப் பார்த்தால் வாட்ஸப்பில் சங்கீதா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஒரு மாடிப்படி, அதன் குறுக்கே அளவுக் கோடு, கோட்டின் மேல் ‘~ 1450’ என்று ஓர் எண். எண்ணுக்கு முன்னால் இருந்த அந்த நெளிந்த கோட்டைச் சிவப்பில் வட்டமிட்டு, “மேடம், இதை எப்படி எடுக்கறது? இது என்ன புழு மாதிரின்னு கஸ்டமர் கேக்கறாங்க” என்று எழுதியிருந்தாள்.

“டபுள் கிளிக் பண்ணி” என்று பதில் அடிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். கடுகு கருகி ரசம் வீணானது. அப்புறம் நானே அவளைக் கூப்பிட்டு, “எடுக்காதே, அப்படியே அனுப்பு” என்றேன். “ஏன் மேடம்?” என்றாள். சொல்லத் தொடங்கினேன், போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அதுதான் இது.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவள். சாய்ந்த பலகை, டிரேசிங் பேப்பர், பேனா நிப்பை அலம்பி அலம்பி நீலமான விரல் நகம் என்று ஐந்தாறு வருடம் போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மாலை வகுப்புக்குப் போய் மூன்று மாதம் கற்றுக்கொண்டேன். பெருங்களத்தூர் தாண்டி ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை. மாடிப்படிக்குக் கைப்பிடி, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், வீட்டுக்குள் வைக்கும் சின்ன லிஃப்ட் இவையெல்லாம் செய்வோம். எல்லோரையும் சேர்த்தால் பதினைந்து பேர். அங்கேயே என் வேலைக்காலம் முழுவதும் ஓடிவிட்டது.

கையால் வரைந்த காலத்தில் பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கும். ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தால் அந்தக் கோட்டின் தடிமனே நிஜச் சுவரில் ஒரு அங்குலம். அதனால் வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளக்காதே, எழுதியிருக்கும் எண்ணைப் பார் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். கம்ப்யூட்டரில் கோட்டுக்குத் தடிமனே கிடையாது. எதைத் தொட்டாலும் ஆறு தசமம் வரைக்கும் எண் கொட்டும். எனக்கு அது பெரிய போதை. முதல் மாதம் ஒரு கைப்பிடிக்கு 1449.63 என்று அளவு போட்டுப் பட்டறைக்கு அனுப்பினேன். எங்கள் வெல்டர் கஜா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்துவிட்டார்.

“மேடம், ஆயிரத்து நானூத்தி நாப்பத்தொம்போது சரி. இந்தப் புள்ளி அறுவத்தி மூணு எந்தக் கடைல விக்கிது? வாங்கி குடுத்தா ஒட்டிடுவேன்.”

ஆபீஸே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அவர் சொன்னது நிஜம். அவருடைய டேப்பில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே கோடு கிடையாது. வெல்டிங் சூட்டில் குழாயே இரண்டு மில்லி இழுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து மென்பொருளில் தசமம் காட்டாதபடி வைத்துக்கொண்டேன். முழு மில்லிமீட்டர் மட்டும் தெரியும். அப்படி வைத்த நாளிலிருந்துதான் நெளி எங்கள் ஆபீசுக்குள் வந்தது.

நெளி என்று பெயர் வைத்தது நான்தான். நெளி மோதிரத்தை அறுத்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குறி. விஷயம் சின்னதுதான். கம்ப்யூட்டருக்குள் நாம் கட்டும் மாடலில் ஒரு நீளம் நிஜத்தில் 1449.63. நீ தசமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மென்பொருள் அதை 1450 என்று காட்டுகிறது. ஆனால் சும்மா காட்டாது. முன்னால் ஒரு நெளியைப் போட்டுவிடும். நான் காட்டுவது சுமாரான எண், உள்ளே இருப்பது வேறு என்று அர்த்தம். நீளம் சரியாக 1450.00 ஆக இருந்தால் நெளி வராது. சுவர் கொஞ்சம் சாய்வாக இருந்தாலோ, கோட்டின் முனையைப் பிடிக்கிறோம் என்று நினைத்துப் பக்கத்தில் பிடித்துவிட்டாலோ, அடிக்கணக்கில் வந்த அளவை மில்லிமீட்டராக மாற்றினாலோ நெளி வந்து நிற்கும்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். நான் கொஞ்சம் சுத்தக்காரி. மேஜையில் பென்சில் கோணலாகக் கிடந்தால் எனக்கு வேலை ஓடாது. ஆபீசில் முதுகுக்குப் பின்னால் என்னைச் ‘சுத்தம் மேடம்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பேன். ஒரு தாளில் பத்து எண் இருந்து அதில் நாலு எண்ணுக்கு முன்னால் நெளி இருந்தால், இலையில் பரிமாறிய சாதத்தில் முடி கிடப்பது போல இருக்கும் எனக்கு.

எங்கள் டிசைன் பிரிவுக்குத் தலைவர் சபாபதி சார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பென்சில் முனையை வைப்பார். வைத்த இடத்தில் ஒரே கேள்விதான் கேட்பார்.

“இது அளந்ததா, கணக்குப் போட்டதா, நெனச்சுக்கிட்டதா?”

அளந்தது என்றால் ஒரு புள்ளி வைப்பார். கணக்குப் போட்டது என்றால் கூட்டிக் காட்டச் சொல்வார். நினைத்துக்கொண்டது என்றால் திட்ட மாட்டார். “சரி, யாரு போய் அளக்கப்போறா?” என்று மட்டும் கேட்பார். முப்பது எண் இருக்கும் தாளுக்கு முப்பது தடவையும் அந்தக் கேள்வி வரும். பசி நேரத்தில் அவர் முன்னால் நிற்பது பெரிய தண்டனை. ஆனாலும் நெளியைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. “அது இருக்கட்டும்மா. அது அழுக்கு இல்ல, தகவல். வேணாம்னா ஏன் வந்துச்சுன்னு தேடிப் பாருங்க. தேட நேரமில்லன்னா அப்படியே விட்டுடுங்க” என்பார்.

போய் அளப்பவர் தேவராஜ் அண்ணா. முடிச்சூரிலிருந்து பழைய மொபெட்டில் வருவார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குன்றத்தூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் எங்கள் கம்பெனி வேலை செய்த எந்த வீட்டிலும் முதலில் நுழைவது அவருடைய டேப்தான். கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அகலம் எடுப்பார். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை. புதுச் சட்டை மடிப்புக்குள் வைத்து வருமே ஒரு அட்டை, அதில்தான் எழுதுவார். தாள் காற்றில் பறக்கும், அட்டை பறக்காது என்பார். வீட்டுக்கு ஓர் அட்டை. அவற்றை நான் என் பீரோவில் அடுக்கி வைத்திருந்தேன்.

அந்த அட்டைகளில் சில எண்களுக்கு முன்னால் ‘சு.’ என்று எழுதியிருப்பார். சாரம் கட்டியிருக்கிறது, டேப் எட்டவில்லை, பீரோவை நகர்த்த முடியவில்லை, அதனால் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். சு. என்றால் சுமார். இப்போது யோசித்தால், அவர் போட்ட சு.வும் மென்பொருள் போட்ட நெளியும் ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

நடந்தது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். குன்றத்தூரில் மரகதம் அம்மா என்று ஒருவர். கீழே நோட்டுப் புத்தகக் கடை, மாடியில் வீடு. இடுப்பு எலும்பு முறிந்ததில் படி இறங்க முடியாமல் மாடியிலேயே ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டார். “எங்கயும் போக வேணாம், கீழ கடைல உக்காந்தா போதும்” என்று மகனிடம் சொல்லிச் சொல்லி, மகன் எங்களிடம் வந்தார். படிக்கட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் இரும்புச் சட்டம் நிறுத்தி அதற்குள் சின்ன லிஃப்ட் ஓட வேண்டும். தேவராஜ் அண்ணா போய் அளந்து அட்டையைக் கொடுத்தார். இடைவெளியின் அகலம் கீழே 1022, நடுவில் 1018. மேலே வெள்ளையடிக்கச் சாரம் கட்டியிருந்ததால் டேப் வைக்க முடியவில்லை. ‘சு. 1010’ என்று போட்டிருந்தார்.

நான் மாடல் செய்தேன். சுவர் மேலே போகப் போகக் குறுகுவதால் அளவுக் கோடு ‘~ 1010’ என்று காட்டியது. அந்த நேரம் பார்த்து வேறொரு வீட்டுக்காரர், நாவலூர் அடுக்குமாடியில் இருப்பவர், முதலாளிக்குப் போன் போட்டு, “என்ன சார், எல்லாத்துலயும் சுமார் சுமார்னு குறி போட்டிருக்கீங்க? உங்க வேலையும் சுமாரா தான் இருக்குமா?” என்று கேட்டுவிட்டார். முதலாளி என் மேஜைக்கு வந்து, “மேடம், கஸ்டமருக்குப் போற ட்ராயிங்ல இந்தக் கருமம் வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். சபாபதி சார் மகள் பிரசவத்துக்காக ஒரு வாரம் லீவு.

எனக்கு உள்ளுக்குள் குஷி. வருடக்கணக்காக என் கண்ணை உறுத்திய நெளியை எடுக்க முதலாளியே அனுமதி கொடுத்துவிட்டாரே. அளவுக் கோட்டின் மேல் இரண்டு தடவை தட்டினால் எண் திறந்துகொள்ளும். அதை அழித்துவிட்டு 1010 என்று நானே அடித்தேன். சுத்தமாக நின்றது. அந்தத் தாளில் இருந்த ஆறு நெளியையும் அப்படியே எடுத்தேன். அப்படிக் கையால் அடித்தால் அந்த எண் மாடலோடு இருக்கும் தொடர்பை விட்டுவிடும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். அப்புறம் சுவரையே நகர்த்தினாலும் எண் மாறாது. தெரிந்ததுதான், ஆனால் அந்த நேரம் தலையில் இல்லை. கஸ்டமர் தாளுக்கும் பட்டறைத் தாளுக்கும் ஒரே கோப்பு என்பதும் தலையில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து லாரியில் இரும்புச் சட்டம் போயிற்று. வெளி அகலம் 1000. இடைவெளி 1010, இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து மில்லி விட்டிருந்தோம். சனிக்கிழமை. நானும் போயிருந்தேன். மலைக்கோயிலுக்கு ஏதோ விசேஷம், தெருவெல்லாம் கூட்டம், வண்டியைத் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சட்டத்தை உள்ளே சாய்த்து நிமிர்த்தினார்கள். முக்கால்வாசி நிமிர்ந்து மேலே உத்தரத்தில் இடித்து நின்றது. கஜா ஏணியில் ஏறி டேப் வைத்தார். மேலே அகலம் 986.

சட்டம் பதினான்கு மில்லிமீட்டர் அதிகம். சுண்டுவிரல் தடிமன். மாடியில் சக்கர நாற்காலியில் மரகதம் அம்மா புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். “நின்னுடுச்சா? பரவால்ல, மெதுவா பண்ணுங்க” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேவராஜ் அண்ணா ஏணியில் ஏறித் தானே அளந்தார். இறங்கினார். மறுபடி ஏறி அளந்தார். “நான் போன்ல சொன்னேனே மேடம்” என்றார் என்னிடம். “சாரம் பிரிச்சதும் வந்து அளந்தேன். தொள்ளாயிரத்து எம்பத்தாறுனு உங்களுக்குத் தான் போன் அட்ச்சு சொன்னேன். நீங்க சாப்டுகினு இருந்தீங்க.”

எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு அவர் ஐந்து தடவை போன் செய்வார், முப்பது வீட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்த வரைபடத்தில் 1010 என்று பளிச்சென்று இருந்தது. அட்டையிலும் 1010. “வேற வீட்டுக்குச் சொல்லியிருப்பீங்க அண்ணா” என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டி இடுப்பில் மாட்டினார். பிறகு, “இருக்கும்” என்றார். அவருடைய மூத்த அண்ணன் இரண்டு வருடமாகப் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்தார். பஸ்ஸில் எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை மறந்ததில்தான் அது ஆரம்பித்தது என்று தேவராஜ் அண்ணா எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமை குன்றத்தூரிலிருந்து திரும்பி வரும்போது லாரியில் கஜாவிடம், “எங்க அண்ணனுக்கும் இப்டி தாம்பா ஆரம்பிச்சுது” என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார். தேவராஜ் அண்ணா, சபாபதி சார், நான். “மேடம், அந்த மாதிரி போன் எதாவது வந்துச்சா?” என்று கேட்டார். “வரலை சார்” என்றேன். சபாபதி சார் அந்தத் தாளில் தான் போட்ட கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்குப் போவதற்கு முன் அதில் 1010 மேல் பென்சிலை வைத்து அவர் கேட்டிருந்தார். நான் யோசிக்காமல் “அளந்தது சார்” என்று சொன்னேன். அவர் புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். தேவராஜ் அண்ணா தானாகவே டேப்பை இடுப்பிலிருந்து கழற்றி முதலாளி மேஜை மேல் வைத்தார். “என்னை இனிமே சைட்டுக்கு அனுப்பாதீங்க சார். இன்னொரு வூட்ல தப்பாச்சுன்னா நான் தாங்க மாட்டேன்” என்றார். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், பிறகு பார்க்கலாம் என்று முதலாளி அனுப்பிவிட்டார். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சட்டத்தை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பார்ப்பதற்காக அந்தக் கோப்பைத் திறந்தேன். மேலே 1010 என்று இருந்தது. மாடலுக்குள் இருக்கும் அளவு டேப்பை எடுத்து, சும்மாதான், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு வைத்தேன். 986 என்று காட்டியது. நெளி இல்லை. சரியாக 986.00.

திரும்ப வைத்தேன். 986. மாடலில் சுவர் நகர்ந்திருக்கிறது. அந்தக் கோப்பைத் தொடுவது நான் ஒருத்திதான். 986 என்ற எண் என் தலையில் தானாக முளைக்காது. அவர் போன் செய்திருக்கிறார். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இடது கையால் சுவரை நகர்த்தியிருக்கிறேன். வேலையைச் சரியாகத்தான் செய்தேன், எண் மட்டும் நகரவில்லை. நான் நெளியை எடுத்தபோது அதன் உயிரையும் சேர்த்து எடுத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால்.

அந்த நிமிடமே எழுந்து போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. நான் எழவில்லை. அந்த எண்ணை அழித்துப் புதிதாக ஓர் அளவுக் கோடு போட்டால் 986 என்று வந்துவிடும், யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதைச் செய்யவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. சபாபதி சாருக்குப் பிறகு அந்தப் பிரிவுக்கு என்னைத் தலைவராக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதைவிட, சுத்தம் மேடம் தப்புப் பண்ணிட்டாங்க என்று கஜா சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று செவ்வாய் போனது. மரகதம் அம்மாவின் சட்டம் திரும்பி வரட்டும் என்று புதன் போனது. இந்த இரண்டு நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனசாட்சி குத்தித் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தேவராஜ் அண்ணா போன் செய்தார்.

“மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. மண்ணிவாக்கம் வூட்டு அளவு நான் தானே குடுத்தேன்?”

“ஆமாண்ணா.”

“அதை ஒரு தபா பாத்துடுங்க. சேலையூர் சாய்தளமும் பாத்துடுங்க. அப்புறம் அந்த மாடம்பாக்கம் கைப்புடி. எதுல இன்னா எழுதனேன்னே தெரில. அட்டை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வேற யாரையாச்சும் வெச்சு அளந்துடுங்க மேடம். யாராவது வுழுந்து கிழுந்து வெச்சாங்கனா பாவம்.”

இருபது வருடமாக ஒரு மில்லி பிசகாமல் எழுதிக் கொடுத்த மனிதர். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை சபாபதி சார் வந்து கண்ணாடியைத் துடைப்பதற்குள் அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன். அவரை என் கம்ப்யூட்டருக்கு அழைத்து வந்து சுவருக்குச் சுவர் டேப்பை வைத்துக் காட்டினேன். பிறகு 1010 மேல் இரண்டு தடவை தட்டிக் காட்டினேன். அவர் சிவப்புப் பென்சில் முனையைத் திரையில் அந்த எண்ணின் மேல் வைத்தார்.

“நான் மூணு தான் இருக்குன்னு நெனச்சேம்மா. அளந்தது, கணக்குப் போட்டது, நெனச்சுக்கிட்டது. டைப் அடிச்சதுன்னு நாலாவது ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

“சார், தப்பு என்னோடது.”

“தெரியுது. கையெழுத்து என்னோடது” என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். அங்கே நான் சொன்னேன், முதலாளி கத்தினார், அவர் கத்தி முடிக்கும் வரை சார் எனக்குப் பக்கத்திலேயே நின்றார். வெளியே வந்ததும் தேவராஜ் அண்ணாவுக்குப் போன் செய்யப் போனேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார். “போன்ல வேணாம். நேர்ல போங்க” என்றார். முதலாளி மேஜையிலிருந்து எடுத்து வந்திருந்த டேப்பை என் கையில் கொடுத்தார்.

சட்டத்தை வெட்டி ஒட்ட மூன்று வாரம் ஆயிற்று. மரகதம் அம்மா கீழே இறங்கிக் கடையில் உட்கார்ந்தார். தேவராஜ் அண்ணா மறுவாரமே வேலைக்கு வந்து, மேலும் ஐந்து வருடம் அளந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். கஜா சிரித்தார், அதுவும் நான் பயந்த அளவுக்கு இல்லை. தலைவர் பதவி எனக்கு இரண்டு வருடம் தள்ளி வந்தது. இதெல்லாம் பின்னால் நடந்தவை. சங்கீதா, நான் உன்னிடம் போனில் சொல்ல முடியாமல் விட்டது அந்த வியாழக்கிழமை மத்தியானத்தைத்தான்.

முடிச்சூரில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி விஜயா. “வாங்க மேடம். உள்ள தான் கீறாரு. திங்கக்கெழமலேந்து தனியா வூட்ட வுட்டு எறங்கல. வண்டி சாவிய எங்கிட்டக் குடுத்துட்டாரு, வழி மறந்துடும்னு” என்றார். தேவராஜ் அண்ணா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டார். “இன்னா மேடம், இன்னொரு வூட்லயும் தப்பா?” என்றார்.

டேப்பைக் கட்டில் மேல் வைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீங்கள் போன் செய்தீர்கள். 986 என்று சொன்னீர்கள். நான் சுவரை நகர்த்தினேன், எண்ணைக் கையால் அடித்து வைத்திருந்ததால் அது மாறவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வேலைக்கு வர வேண்டும்.

வேலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

“அப்போ நான் போன் பண்ணேனா?”

“பண்ணீங்க அண்ணா.”

“எம்பத்தாறுனு சொன்னேனா?”

“சொன்னீங்க.”

“ஏ விஜயா” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “நான் போன் பண்ணேனாம். சொன்னேனாம்.” விஜயா சமையல்கட்டு வாசலில் வந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் டேப்பை எடுத்து ஒரு முழம் இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார், விட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுந்து கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

“உங்களுக்கு எப்போ மேடம் தெரிஞ்சுது?”

இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். நேற்று என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் அவர் நம்பியிருப்பார்.

“திங்கக்கெழம, பதினொண்ணே கால் மணிக்கு.”

“இன்னிக்கி வியாழன்.”

“ஆமாண்ணா.”

அவர் டேப்பைக் கட்டில் மேல் வைத்தார். அதன் முனையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“செவ்வாக்கெழம மருமவன் தாம்பரத்துக்கு டாக்டராண்ட இட்டுகினு போனாரு மேடம். நூறுலேந்து ஏழு ஏழா கழிச்சுகினே வான்னாரு டாக்டரு. தப்பே இல்லாம கழிச்சேன். உனுக்கு ஒண்ணும் இல்ல, மூளை நல்லா கீது, வூட்டுக்குப் போன்னாரு. நான் தான் நம்பல. ட்ராயிங்ல ஆயிரத்து பத்துனு கீதே, மேடம் போட்ட ட்ராயிங் ஆச்சே, அது எப்டி தப்பா இருக்கும்னு நெனச்சுகினு உக்காந்துட்டேன்.”